ஜன்னலோரம் குன்வோருக்கு

மலிவாக ரயில் ஏறுவதில் எவெர்ட் ஹல்பெர்கை மிஞ்ச ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஆள் கிடையாது. எந்தக் கிழமையில் விலை இறங்கும், எந்தப் பள்ளி விடுமுறையில் பனிச்சறுக்குக் கூட்டம் ஏறி விலையைக் கெடுத்துவிடும், எந்த ஊரில் டிக்கெட்டை முறித்து வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்பதெல்லாம் மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். ட்ரோல்ஹேத்தான் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து எல்லை தாண்டி ஹால்டன் வரை இன்னொன்று, பிறகு ஆஸ்லோவுக்கு நார்வேக்காரன் விலையில் மூன்றாவது என்று பூத்தொடுக்கிற மாதிரி தொடுப்பார். அத்தனையும் ஒரே வண்டி, ஒரே இருக்கை. ஊர் பெயர் மாறும்போது அவர் எழுந்திருக்கக்கூட மாட்டார்.

இத்தனை பாடும் தூரீடுக்காக. தூரீட் ஆஸ்லோவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் வீட்டில் அவள், இவர் வீட்டில் இவர், ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி காதல். அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சட்டை துவைத்துப் போட வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொத்துச் சண்டையும் வராது. போக வர ஆகிற ரயில் செலவு ஒன்றுதான் இடிக்கும்.

அது எவெர்டை நன்றாகவே இடித்தது. எச்சில் கையால் காக்கை விரட்டாத மனிதர்.

"காதலி வீட்டுக்குப் போறதுக்கும் தள்ளுபடி தேடுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்று ஸ்தூரே சொல்வார். மேல்மாடிக்காரர். இரண்டு பேரும் சந்திப்பது பெரும்பாலும் கட்டடத்தின் நிலவறையில், எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில். அந்த முறையும் அங்கேதான், ஸ்தூரேயின் போர்வைகள் சுழன்றுகொண்டிருக்கும்போதுதான், எவெர்ட் போனை நீட்டிக் காட்டினார்.

"இதைப் பாரு. ஜோடி டிக்கெட். கணக்குல பேர் பதிஞ்ச ரெண்டு பேர் சேர்ந்து போனா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு ஆள் விலையை விடக் கம்மி. காலி சீட்டை நிரப்ப என்னென்ன வேலை பண்றானுங்க பாரு."

"உன்கூட யாருய்யா வரப்போறா?"

"குன்வோர் பேரு இன்னும் என் கணக்குல இருக்கு."

ஸ்தூரே துணி மடிப்பதை நிறுத்தினார். "அவ செத்து மூணு வருஷம் ஆகுதேய்யா."

"அது ரயில்காரனுக்குத் தெரியாதே. சீட் காலியாத்தான் போகப்போகுது. யாருக்கு என்ன நஷ்டம்?"

"செத்தவ பேர்ல சீட்டு வாங்குறது நல்லால்ல, எவெர்ட். சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றார் ஸ்தூரே. பிறகு, அந்த ஊர் வழக்கப்படி, அடுத்தவர் விஷயத்தில் இதற்குமேல் தலையிடாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால், அவர் மனைவி குன்வோரின் பெயர் மிஞ்சியிருந்த இடமே அந்த ரயில் கணக்கு ஒன்றுதான். அவள் இறந்தபோது அரசாங்கம் தானாகவே எல்லா இடத்திலும் அவள் பெயரை எடுத்துவிட்டது. வரி அலுவலகம், ஓய்வூதியம், மருத்துவமனை, நூலகம் எதற்கும் எவெர்ட் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாம்பலை இடுகாட்டின் பொது நினைவுத் தோப்பில் கலந்துவிட்டார்கள். அங்கே கல் நடுவதில்லை, பெயர் பொறிப்பதில்லை, வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணமும் இல்லை. கடைசிக் காரணம்தான் எவெர்டுக்குப் பிடித்தது என்றால் அவருக்குக் கோபம் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

முதல் பயணம் நவம்பரில். அமைதிப் பெட்டியில் எடுத்திருந்தார். அங்கே போன் பேசக்கூடாது, பக்கத்து ஆளோடும் பேசக்கூடாது. எவெர்டுக்கு அது சொர்க்கம். இவருக்கு நடைபாதை ஓரம், குன்வோருக்கு ஜன்னலோரம் என்று கம்பெனியே ஒதுக்கியிருந்தது. காலி இருக்கையில் தன் பையை வைத்துவிட்டு, குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு, மிச்சம் பிடித்த காசை நினைத்து மனம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ட்ரோல்ஹேத்தான் தாண்டி டிக்கெட் பார்க்கும் பெண் வந்தாள். பின்னல் போட்ட, கெட்டிக்காரக் களை உள்ள பெண். இவர் போனில் இரண்டு டிக்கெட்டையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"ரெண்டு பேரும் சரி" என்றாள் கிசுகிசுப்பாக.

எவெர்டின் காது சிவந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். "அவ வந்து..." என்று இழுத்தார்.

"பாத்ரூம் போறாங்க போல. இப்பதான் அங்க வழி விட்டுட்டு வந்தேன். கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும், வரத் தாமதமானா பயப்படாதீங்க."

யாரோ வேறு பெண்ணைப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்கிறாள். சொல்லித் திருத்தலாம். திருத்தினால் ஏன் இரண்டு டிக்கெட் என்று கேட்பாள், பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதைவிட அவமானம் அந்த ஊர்க்காரனுக்கு வேறில்லை. "சரி, நன்றி" என்றார் எவெர்ட்.

அந்த ஒரு "சரி"தான் எல்லாவற்றுக்கும் வாசல் திறந்துவிட்டது.

எட் என்ற ஊரைத் தாண்டியதும் காடு வந்தது, ஏரி வந்தது, மதியமே வெளிச்சம் மங்கியது. எவெர்ட் கொஞ்சம் கண்ணயர்ந்தார். விழித்தபோது பை ஜன்னலோர இருக்கையில் இல்லை. தலைக்குமேல் தட்டில், கைப்பிடி உள்பக்கமாகத் திருப்பி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. யாராவது நல்ல மனசுக்காரர் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அந்த நாட்டில் அடுத்தவர் பையை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

ஆஸ்லோவில் தூரீட் நடைமேடையிலேயே நின்றாள். எப்போதும் அப்படித்தான், ஒரே தூணுக்குப் பக்கத்தில், குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு. கட்டிப்பிடித்து, "வந்துட்டாருய்யா ஸ்வீடன் மகாராஜா, இந்தத் தடவை எத்தனை துண்டு டிக்கெட்?" என்று கேலி செய்தாள். எவெர்டுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பயமெல்லாம் போய்விட்டது. வீட்டில் காய்கறியோடு ஆட்டுக்கறி வேகும் வாசனை. தூரீட் பேசினாள், பேசினாள், அவள் பேச்சின் கதகதப்பில் அவர் கிடந்தார். குன்வோரோடு இருந்த காலத்தில் அந்த வீட்டில் கடிகாரச் சத்தம்தான் கேட்கும். தூரீடை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன், உயிராக நேசித்தார்.

ஞாயிறு காலை, பழுப்புப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் சீவிப் போட்டபடி அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"எவெர்ட், எனக்கு இந்த வெள்ளிக்கிழமை விளையாட்டு அலுத்துப்போச்சு. பஸ் வருமா, ரயில் வருமா, தண்டவாளத்துல பனியான்னு ஜன்னல்ல நின்னுட்டே இருக்கேன். இங்கயே வந்துடு. ஒரே வீடு. ஈஸ்டருக்குள்ள முடிவு சொல்லு."

"வரணும்னுதான்..." என்றார்.

"வரணும்னுதான், வரணும்னுதான். வாயைத் திறந்து சொல்லுய்யா. எனக்கும் வயசாகுது."

சொல்லிவிட்டார், வருகிறேன் என்று. ஆனால் வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதுவரை இந்த ரயில்தான். விலையோ நாளுக்கு நாள் ஏறுகிறது. ஜோடி டிக்கெட்டை விட அவருக்கு மனசு வரவில்லை.

அங்கேதான் மனிதர் கெட்டார்.

அடுத்த முறை பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எதிர் இருக்கையில் ஒரு நார்வே அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இவர் பக்கத்து ஜன்னலோரத்தைப் பார்த்து, பழகியவளைப் பார்க்கிற மாதிரி புன்னகைத்தாள். எவெர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக, எதிரிலிருந்த தலைசாய்ப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலித்தது. எல்லைக் காட்டில் ஒரு சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்தபோது, கண்ணின் ஓரத்தில் கண்ணாடியில் இவர் உருவம் தெரிந்தது. இவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்பாக ஒரு தோள் மறைத்தது.

அதற்கடுத்த முறை வாசனை. அவித்த முட்டையும் மீன்முட்டைப் பசையும் வைத்த ரொட்டி. குன்வோர் எப்போதும் கட்டிக்கொள்ளும் சாப்பாடு. பெட்டியில் யாரும் பொட்டலம் பிரிக்கவில்லை. காப்பி வண்டி தள்ளிவந்த பையன் இவருக்கு ஊற்றிவிட்டு, இன்னொரு கோப்பையையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான். எவெர்ட் அதைத் தொடவில்லை. ஹால்டன் வந்தபோது கோப்பை பாதி காலியாக இருந்தது.

பேசலாம்தான். "குன்வோர், உனக்கு என்னதான் வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அமைதிப் பெட்டி. பேசக்கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. நடுங்கி நடுங்கி உட்கார்ந்திருந்தாலும், ஒழுங்கை மீறிப் பேச அவருக்கு நாக்கு எழவில்லை. இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த மண்ணில் பிறந்தவர்களைக் கேட்டால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள், "பின்னே, அவர் என்ன செய்வார்?" என்பார்கள்.

திரும்புகாலிலும் அப்படித்தான். போகும்போதும் வரும்போதும் அந்த ஜன்னலோர இருக்கை இதமாகச் சூடாக இருந்தது.

தூரீடுக்கும் ஏதோ தட்டுப்பட்டது. பிப்ரவரியில் ஒரு வெள்ளி, தூணருகே கட்டிப்பிடித்தவள் சட்டென்று கையை எடுத்தாள். இவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"தனியாத்தானே வந்தே?"

"பின்னே?"

"ஒண்ணுமில்ல. யாரோ உன்கூட இறங்கின மாதிரி இருந்தது."

அன்றைக்கு அவள் அதிகம் பேசவில்லை. மறுநாள் மதியம் வானிலை பார்க்க இவர் போனை எடுத்தவள், டிக்கெட்டைப் பார்த்துவிட்டாள். இரண்டு பெயர்கள். எவெர்ட் ஹல்பெர்க், குன்வோர் ஹல்பெர்க். ஜன்னலோரம்.

தூரீட் கத்துவாள் என்று எவெர்ட் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இது என்ன?"

விளக்கினார். தள்ளுபடி, காலி இருக்கை, யாருக்கும் நஷ்டமில்லை.

"நாலு காசுக்காகச் செத்தவளை ஒவ்வொரு தடவையும் என் வாசலுக்கு இழுத்துட்டு வந்திருக்கே" என்றாள் தூரீட். "நீ கஞ்சன்னு தெரியும். அதைப் பொறுத்துக்கிட்டேன். சிரிச்சுக்கூட இருக்கேன். ஆனா இது என்னய்யா? அவ உயிரோட இருந்தப்போ ஒரு தடவையாவது இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தியா?"

கூட்டிவரவில்லை. குன்வோர் கேட்டிருக்கிறாள். துறைமுகத்தில் இசைநாடக மாளிகை கட்டியிருக்கிறார்களாம், சரிவான கூரைமேல் எல்லோரும் நடந்தே ஏறலாமாம், காசில்லையாம் என்று பத்திரிகையைக் காட்டிக் கேட்டாள். "கூரைக்குக் காசில்ல, ரயிலுக்கு யார் குடுப்பா? அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

"சரி, கேட்டுக்கோ" என்றாள் தூரீட். "அடுத்த தடவை தனி ஆளா வா. அவ பேரை எடுத்துட்டு, உனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கிட்டு வா. நான் அந்தத் தூண்கிட்ட நிப்பேன். நீ தனியா இறங்கி என்கிட்ட நேரா வந்தா, வீட்டுக்குப் போவோம், சாகிறவரைக்கும் ஒண்ணா இருப்போம். இல்லைன்னா அப்படியே அடுத்த வண்டியில திரும்பிடு. நான் இன்னொருத்தியோட நிழல்ல குடியிருக்க மாட்டேன்."

ஊருக்கு வந்த அன்றே எவெர்ட் கணக்கைத் திறந்தார். குன்வோர் ஹல்பெர்கை நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. இதை அழுத்திவிட்டால் உலகத்தில் எந்த இடத்திலும் அந்தப் பெயர் இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவள். ஆனால் தூணருகே நிற்கும் தூரீடையும் நினைத்துக்கொண்டார். அழுத்திவிட்டார்.

பிறகு தனக்கு ஒரே ஒரு டிக்கெட். துண்டு போடவில்லை, தள்ளுபடி தேடவில்லை, கோதன்பர்க்கிலிருந்து ஆஸ்லோ, முழு விலை. விலையைப் பார்த்து வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் ஒரு நிம்மதி இருந்தது, பரிகாரம் செய்த மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பனி உருகி ஆறு பெருகி ஓடியது. ஜன்னலோரத்தில் பட்டாளத்துப் பையன் ஒருவன், நிஜமான பையன், வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தான். வேறு நேரமாக இருந்தால் அமைதிப் பெட்டியில் குறட்டையா என்று எவெர்ட் முகம் சுளித்திருப்பார். இன்றைக்கு அந்தக் குறட்டை அவருக்குச் சங்கீதமாக இருந்தது. முட்டை வாசனை இல்லை. கோப்பை ஒன்றுதான். எட் போயிற்று, சுரங்கப்பாதை போயிற்று, கண்ணாடியில் பட்டாளத்தான் முகமும் தன் முகமும் மட்டும். "தப்பிச்சோம்டா சாமி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தூரீடிடம் என்ன பேசுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். எந்த அலமாரியைக் கொண்டு போவது, எதை ஸ்தூரேவுக்குக் கொடுப்பது.

ஹால்டன் தாண்டியபின் டிக்கெட் பார்க்கும் அதே பின்னல்காரப் பெண் வந்தாள். அவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, பட்டாளத்தானைப் பார்த்துவிட்டு, குனிந்து கிசுகிசுத்தாள்.

"என்ன, இன்னைக்குத் தனித்தனியா? வீட்ல சண்டையா?"

எவெர்ட் நிமிர்ந்து பார்த்தார். "யாரோட?"

"உங்க வீட்டம்மாதான். முன் பெட்டியில உட்கார்ந்திருக்காங்க. டிக்கெட்டை இப்பதான் பார்த்தேன். குன்வோர் ஹல்பெர்க்." பெண் சிரித்தாள். "முழு விலை குடுத்து வாங்கியிருக்காங்க. எப்பவும் நீங்க ரெண்டு பேரும் ஜோடி டிக்கெட்தானே, அதான் கேட்டேன். அதுவும் போறதுக்கு மட்டும். திரும்ப எடுக்கல."

அவள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். எவெர்ட் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். போவதற்கு மட்டும். அப்படியென்றால் அங்கேயே தங்கப்போகிறாள். எங்கே? தூரீட் வீட்டிலா? கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலா, சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியிலா? சார்ப்ஸ்போர்க் வந்தது, மோஸ் வந்தது, கடல் தெரிந்தது. முன் பெட்டியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு முறை நடுக்கதவு திறக்கும்போதும் எவெர்ட் தலையைத் தூக்கிப் பார்த்தார். கதவு வழியாக யார் யாரோ வந்தார்கள். அவள் வரவில்லை.

வண்டி ஆஸ்லோவில் நின்றது. எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

தூரீட் நின்றுகொண்டிருந்தாள். தூணருகே, குல்லாய் இல்லாமல், தலையை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு. இவருக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது, இரண்டு கையையும் விரித்தாள்.

"வந்துட்டியாய்யா" என்றாள்.

அப்போதுதான் எவெர்ட் குன்வோரைப் பார்த்தார். முன் பெட்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தில் இவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. சாம்பல் நிற மேல்கோட்டு, கையில் சின்னப் பை, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற அந்த நடை. பயப்பட வேண்டிய உருவமே இல்லை. ஊர் பார்க்க வந்த வயதான பெண்மணி, அவ்வளவுதான். தலையை நிமிர்த்தி, வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று பலகையைப் பார்த்தாள். துறைமுகம், இசைநாடக மாளிகை என்று அம்பு போட்டிருந்த பக்கம் திரும்பினாள்.

இவரைத் தேடவில்லை. தூரீடைப் பார்க்கவில்லை. ஒருத்தர் வீட்டிலும் குடியிருக்க வரவில்லை அவள். இத்தனை நாள் இவரைத் தொடர்ந்து வருகிறாள் என்று நடுங்கிச் செத்தாரே, அவள் இவருக்காக வரவே இல்லை. அந்த உண்மை எவெர்டை அடித்த அடி இருக்கிறதே, அவள் செத்த அன்றைக்குக்கூட அப்படி அடிக்கவில்லை. மூன்று வருஷமாக வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"குன்வோர்!"

அவள் நிற்கவில்லை. அவர் ஓடினார். எழுபது வயது மனிதர், பையைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல் ஓடினார். ஸ்டேஷன் முழுக்க எதிரொலிக்கக் கத்தினார். "குன்வோர், நில்லு! நானும் வர்றேன், நில்லு!" ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரித்த கையோடு நின்ற தூரீடின் பக்கமாகத்தான் ஓடினார், அவள் விரல்நுனி இவர் சட்டைக்கையில் பட்டது, அவர் அதைத் தாண்டியும் ஓடினார்.

"எவெர்ட்!"

தூரீடின் குரல். இன்னொரு முறையும் கூப்பிட்டாள், அப்போது அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. எவெர்டுக்கு நன்றாகவே கேட்டது. திரும்பினால் முன்னால் போகிறவள் கூட்டத்தில் மறைந்துவிடுவாள் என்று அவர் திரும்பவில்லை.